தையில் தொடங்கி மார்கழியில் ஓட: வெறுங்காலில் 21 கிலோமீட்டருக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பக்கம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களில் பலர் செருப்பில்லாமல்தான் போகிறார்கள். நானும் மூன்று வருடம் அப்படி நடந்தவன். அதனால் என் கால் ஏற்கெனவே பழகிய கால் என்று நினைத்துவிட்டேன். ஷூ போட்டு வாரம் 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஷூவைக் கழற்றிய நாலாவது வாரமே கீழ்பவானி வாய்க்கால் கரையில் வெறுங்காலோடு எட்டு கிலோமீட்டர் ஓடினேன். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. ஐந்தாவது வாரம் இடது புறங்காலில் ஒரு வலி வந்தது, கட்டை விரலால் அழுத்தினால் ஒரே ஒரு புள்ளியில் மட்டும். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாததால் தொடர்ந்து ஓடினேன். மூன்று வாரம் கழித்து எடுத்த இரண்டாவது படத்தில் இரண்டாம் விரலுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட எலும்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. அப்புறம் ஆறு வாரம் ஓட்டமே கிடையாது.

அந்த ஆறு வாரத்தில் எனக்குப் புரிந்ததைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி முழுவதும் எழுதியிருக்கிறேன். உள்ளங்கால் தோல் சில வாரங்களில் தடித்துவிடும். கெண்டைக்கால் சதை பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். குதிகால் நரம்பும் (கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண்) பாத எலும்பும் பலப்பட அதைவிட அதிக காலம் வேண்டும். நடை வேறு, ஓட்டம் வேறு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் ஒற்றைக் காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 170 அடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் பத்தாயிரம் அடி. தோல் தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டினால் எலும்பு கணக்குக் கேட்கும்.

வெறுங்கால் ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும்

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். நாலு வருடம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, அதைவிடக் குறைந்த நேரத்தில் மறுபடி வென்றார். இரண்டையும் சேர்த்தே ஞாபகம் வையுங்கள். ஷூ இல்லாவிட்டால் வேகம் கூடிவிடும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

ஹார்வர்டில் டேனியல் லீபர்மன் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு வெறுங்காலிலேயே ஓடிப் பழகியவர்களைக் கவனித்தது. அவர்களில் பெரும்பாலோர் முன்பாதத்தில் இறங்குகிறார்கள். குதிகாலில் இறங்குகிறவர்களுக்கு அடி வைத்த கணத்தில் வரும் அந்தத் திடீர் மோதல் இவர்களுக்கு ஏறக்குறைய இல்லை. ஆனால் பாரம் மறைந்துவிடுவதில்லை. முட்டியிலிருந்து கொஞ்சம் குறைந்து கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும் போகிறது. முட்டி வலியால் அவதிப்பட்டவர்களுக்கு இது உதவலாம். குதிகால் நரம்பில் பழைய வலி இருப்பவர்களுக்குச் சுமை கூடும்.

2013-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பத்து வாரத்தில் ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த மெல்லிய ஷூவுக்கு மாறிய 19 பேரில் 10 பேருடைய பாத எலும்பில் வீக்கம் கூடியிருந்தது. ஸ்கேன் எடுத்ததால்தான் அது தெரிந்தது. காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில், அந்த ஐந்து விரல் ஷூவைத் தயாரிக்கும் வைப்ரம் நிறுவனம் 2014-இல் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்துகொண்டது. வெறுங்காலில் ஓடினால் காயமே வராது என்பதற்கு ஆதாரம் கிடையாது. நான் ஓடுவது வேறு காரணத்துக்காக. தரையை உணர்ந்து ஓடும்போது என் அடி சீராகிறது, அந்த ஒரு மணி நேரம் மனசு வேறெங்கும் போவதில்லை.

யார் தொடங்கக் கூடாது

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் ஓடவே கூடாது. முள் ஏறியதே தெரியாமல் புண் பெரிதாகிவிடும். பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை இருந்தால், உணர்ச்சி இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் பாதத்தைச் சோதித்த பிறகு முடிவு செய்யுங்கள். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், பயிற்சியால் மாதவிலக்கு தள்ளிப்போகிற அல்லது நின்றுபோகிற பெண்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படி நிற்பது உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம், எலும்பு விரிசலுக்கு அது நேர்வழி. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் எல்லாருமே முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டம், ஷூ போட்டு ஐந்து கிலோமீட்டராவது நிற்காமல் ஓடக்கூடியவர்களுக்கு. ஷூ ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். வார தூரத்தின் பெரும்பகுதி ஷூவிலேயே போகட்டும், வெறுங்கால் பங்கு மெல்ல மெல்ல அதைத் தின்றுகொண்டு வரும்.

முதல் படி: இரண்டு வாரம் நடை மட்டும்

பொங்கல் முடிந்ததும் தொடங்குங்கள். வீட்டிலும் வாசலிலும் தோட்டத்திலும் செருப்பை விட்டுவிடுங்கள். தினமும் 20 முதல் 30 நிமிடம் வெறுங்கால் நடை. கூடவே தினம் பத்து நிமிடம் காலுக்கான வேலை:

- படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குங்கள். இரண்டு காலில் தொடங்கி ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். ஒற்றைக் காலில், இடையில் நிறுத்தாமல் 25 முறை செய்ய முடிகிற வரை ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் போக வேண்டாம்.
- கால் விரல்களை விசிறி போல விரித்துச் சுருக்குங்கள். கட்டை விரலை மட்டும் தனியாகத் தூக்கப் பாருங்கள். முதலில் வரவே வராது, இரண்டு வாரத்தில் வரும்.
- குதிகால் தரையில் பதிய இரண்டு நிமிடம் குந்தி உட்காருங்கள். நம் தாத்தா பாட்டிகளுக்கு எண்பது வயதிலும் இது வந்தது. நாற்காலியிலேயே வளர்ந்தவர்களுக்குக் கணுக்கால் இறுகிக் கிடக்கும்.

இரண்டாம் படி: களத்தில் ஓட்டம் பழகுதல்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் புல்தரையைத்தான் தேடுகிறார்கள். நான் சொல்வது நேர் எதிர். புல்லும் மணலும் தப்பான அடியை மறைத்துவிடும். காலைத் தேய்த்தாலும், குதிகாலைக் குத்தி இறக்கினாலும் வலிக்காது, அதனால் திருத்திக்கொள்ளவும் மாட்டோம். போதாததற்குப் புல்லுக்குள் என்ன கிடக்கிறது என்றும் தெரியாது. ஊர்க் களம்தான் சரியான இடம். கதிரடிக்கவும் சோளம் காயப்போடவும் போட்டிருக்கும் சிமென்ட் களத்தில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பெருக்கிவிட்டு ஓடலாம். கோவையில் இருப்பவர்களுக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதை இருக்கிறது.

முதல் நாள் 400 மீட்டர் போதும். நிஜமாகவே அவ்வளவுதான், களத்தைச் சுற்றி ஐந்தாறு சுற்று வரும். ஓட்டத்தில் கவனிக்க வேண்டியவை சிலதான். பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும், முன்னால் நீட்டி விழக் கூடாது. முட்டி எப்போதும் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முன்பாதத்தின் வெளிவிளிம்பு முதலில் தரையைத் தொடும், பிறகு பாதம் உள்பக்கம் சாய்ந்து பரவும், கடைசியாகக் குதிகாலும் தரையை மெல்லத் தொட்டு எழும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நுனிக்காலில் ஓடுவதுதான் வெறுங்கால் ஓட்டம் என்று நினைத்துக் குதிகாலைத் தூக்கியே வைத்திருப்பார்கள். இரண்டு நாளில் கெண்டைக்கால் கல்லாகி மாடிப்படி இறங்க முடியாமல் போகும்.

அடி சின்னதாக, நிமிடத்துக்கு 170 முதல் 180 வரை இருந்தால் இதில் பாதி தானாகவே சரியாகும். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டு முதல் மாதம் ஓடுங்கள்.

என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஏர் பிடித்தவர். சின்ன வயதில் அவர் பின்னாலேயே வரப்பில் ஓடும்போது, "காலை வீசிப் போடாத கண்ணு, தூக்கி வெய்யி" என்பார். தரையைத் தள்ளாமல் காலைத் தூக்கு என்பதைத்தான் இன்றைக்கும் பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். உங்கள் கொப்புளமே இதைக் காட்டிக்கொடுக்கும். விரல் நுனியில் கொப்புளம் வந்தால் தரையைத் தள்ளுகிறீர்கள். முன்பாதத்தின் நடுவில் வந்தால் இறங்கும்போது பாதம் திருகுகிறது. குதிகாலில் வந்தால் அடி நீளம். கொப்புளத்தோடு ஓடவேண்டாம், ஆறும் வரை ஷூவில் ஓடுங்கள்.

சத்தத்தையும் கேளுங்கள். காதில் பாட்டு வேண்டாம். சரியான அடி கிட்டத்தட்டச் சத்தமே போடாது.

மூன்றாம் படி: மாதவாரியாகத் தூரம்

தை மூன்றாம் வாரம் முதல் மாசி முடிய: வாரம் மூன்று நாள், 400 மீட்டரில் தொடங்கி வாரத்துக்கு 200 மீட்டர் மட்டும் கூட்டுங்கள். ஷூ ஓட்டத்தின் தொடக்கத்தில், கால் களைப்பில்லாமல் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டு அப்புறம் ஷூவை மாட்டுங்கள். மாசி கடைசியில் ஒன்றரை கிலோமீட்டருக்குப் பக்கத்தில் இருப்பீர்கள். இது பலருக்கு எரிச்சலாக இருக்கும். நான் தவறிய இடம் இதுதான், தயவுசெய்து இங்கே மட்டும் அவசரப்பட வேண்டாம்.

பங்குனி முதல் வைகாசி வரை ஒன்றரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர். மூன்று வாரம் கூட்டி, நாலாவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். வெறுங்கால் ஓட்டம் அடுத்தடுத்த இரண்டு நாளில் வேண்டாம். முதல் ஆறு மாதத்துக்கு இதில் விலக்கே இல்லை.

இந்த மூன்று மாதமும் வெயில் மாதம். சூரியன் ஏறிய தார் ரோடு பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் கால் வைக்க வேண்டாம். நேரமாகி மாட்டிக்கொண்டால் ரோட்டோர வெள்ளைக்கோட்டில் ஓடுங்கள். தாரைவிட அது சூடு குறைவு, வழவழப்பும் அதிகம்.

ஆனி, ஆடி, ஆவணியில் ஐந்திலிருந்து பத்து. இப்போது வாரத்தில் ஒரு நாள் நீள ஓட்டம், இரண்டு நாள் அதில் பாதி. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் முகத்தில் அறையும். எதிர்காற்றில் நம்மை அறியாமல் முன்பாதத்தால் தள்ள ஆரம்பிப்போம். அதனால் முதல் பாதியை எதிர்காற்றில் நிதானமாகப் போய், களைத்த பிறகு காற்று முதுகில் இருக்கும்படி திரும்புங்கள். வேகத்தைப் பார்க்கவே வேண்டாம், அடிக் கணக்கை மட்டும் பாருங்கள்.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை பத்திலிருந்து பதினெட்டு. நீள ஓட்டத்தில் வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள், நாலாவது வாரம் குறையுங்கள். பதினெட்டைத் தொட்டவருக்கு அரை மாரத்தானின் 21.1 கிலோமீட்டரும் வரும். கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கிவிடுங்கள். இது மழைக்காலமும்கூட. ஊறிய தோல் மெத்தென்று ஆகிக் கிழிந்துவிடும், ஈரத் தரையில் திட்டமிட்டதில் பாதிதான் ஓட வேண்டும். மிச்சத்தை ஷூவில் முடித்துக்கொள்ளலாம்.

தரையைத் தெரிந்துகொள்ளுதல்

ஓடத் தொடங்கிய பிறகு நம் ஊர் மண்ணை நான் புதிதாகப் பார்த்தேன். உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசல் காய்ந்தால் வெடித்து விளிம்பெல்லாம் கூராக நிற்கும், நனைந்தால் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலையும் கனமாக்கும். காங்கேயம், தாராபுரம் பக்கம் செம்மண்ணும் வெங்கச்சங்கல் என்ற வெள்ளைக் கல்லும். அந்தக் கல் சின்னதாக இருந்தாலும் எலும்பு வரை குத்தும். அதன்மேல் ஓடும்போது அடியை இன்னும் சுருக்கி முட்டியை இன்னும் மடக்குங்கள், பாதத்தைத் தளர்த்திவிடுங்கள். பயந்து இறுக்கினால்தான் வலிக்கும். எல்லாவற்றிலும் கஷ்டம், ஜல்லி பெயர்ந்து கிடக்கும் கிராமத்து ரோடு. பத்து கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் அதில் ஓடிப் பாருங்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு கிலோமீட்டர்.

இட்டேரி எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இருபக்கமும் வேலி, நடுவில் வண்டித்தடம், மாடு கன்று நடந்து நடந்து மெழுகிய மண். ஆனால் வேலி இருக்கும் இடத்தில் முள் இருக்கும். கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) ஓரங்களில் வெள்வேல முள், மற்ற இடங்களில் சீமைக்கருவேல முள். மழை விட்டு மண் காய்ந்ததும் நெருஞ்சி. வேலி கழித்த ஒரு வாரத்துக்கு அந்தத் தடத்தையே விட்டுவிடுவது நல்லது. ஒரு நாள் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா, "அக்கட்டால வேலி வெட்டிப் போட்டிருக்குதுங்க தம்பி, பாத்துப் போங்க" என்று நிறுத்திச் சொன்னார். அன்றிலிருந்து எந்தப் புதுத் தடமானாலும் முதலில் செருப்போடு நடந்து பார்த்துவிட்டு, அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் ஓடுகிறேன்.

முள்வாங்கி ஒன்றை இடுப்புப் பையில் வையுங்கள். முள் ஏறினால் அங்கேயே உட்கார்ந்து எடுத்துவிட வேண்டும். ஓடி முடித்துவிட்டு எடுக்கலாம் என்றால் உடைந்து உள்ளே தங்கிவிடும். சீமைக்கருவேல முள் துண்டு தங்கிய இடம் வாரக்கணக்கில் வீங்கி நிற்கும். முழுதாக வரவில்லை என்று சந்தேகம் இருந்தால் தோண்டாமல் மருத்துவரிடம் போங்கள்.

இருட்டில் வாய்க்கால் கரையில் வெறுங்கால் வேண்டவே வேண்டாம். கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் உள்ள ஊர் இது. கிழக்கு வெளுத்த பிறகு, அல்லது நல்ல டார்ச்சோடு ஷூவில். திறந்தவெளியைக் கழிப்பிடமாகப் பயன்படுத்தும் ஓரங்களையும் தவிருங்கள். கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், பிறகு ரத்தசோகை வரும். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, ஒவ்வொரு பாதத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். பித்தவெடிப்பு இருந்தால் கல்லால் லேசாகத் தேய்த்து, இரவில் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுங்கள். தோல் தடித்தால் மட்டும் போதாது, வளையவும் வேண்டும்.

மெல்லிய ஷூ எப்போது

நான் முதலில் வெறுங்கால், அப்புறம்தான் மெல்லிய ஷூ என்பேன். மெல்லிய ஷூவில் மெத்தை இருக்காது, ஆனால் தோல் மூடியிருக்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல வேண்டிய தோல் பேசாமல் போய்விடும், எலும்பு மட்டும் அடி வாங்கும். ஐந்து கிலோமீட்டர் வெறுங்காலில் வலியில்லாமல் வந்த பிறகு வாங்குங்கள். ஜல்லி ரோட்டுக்கும் மழை நாளுக்கும் வெயிலுக்கும் அது உதவும்.

வாங்கும்போது மூன்று பாருங்கள். சாதாரண ஓட்ட ஷூவில் குதிகால் முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். இதில் அந்த வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். சுருட்டினால் பாய் போலச் சுருள வேண்டும். விரல் பகுதி அகலமாக இருக்க வேண்டும். உங்கள் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டி உள்ளே போட்டுப் பாருங்கள், ஓரம் மடங்கினால் அந்த ஷூ வேண்டாம். பாதம் பெரிதாக இருக்கும் மாலை நேரத்தில் போய் வாங்குங்கள். புது ஷூவில் முதல் மாதம், வெறுங்காலில் ஓடும் தூரத்தைத் தாண்ட வேண்டாம்.

வலி வந்தால்

கெண்டைக்கால் முழுக்கப் பரவிய வலி, இரண்டு நாளில் குறைந்தால் அது பழக்கம். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் நரம்பு விறைப்பாக இருந்தால் அந்த வாரம் வெறுங்கால் பாதி. ஓட ஓட வலி கூடினால் அங்கேயே நிறுத்தி நடந்து வீட்டுக்கு வாருங்கள்.

புறங்காலில் ஒரே புள்ளி வலிதான் நான் பயப்படும் வலி. கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அந்தக் காலில் மட்டும் நின்று ஒரு முறை மெல்லக் குதித்துப் பாருங்கள். இரண்டிலும் அந்தப் புள்ளி வலித்தால் ஷூவிலும்கூட ஓட வேண்டாம். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், விரிசல் படத்தில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். மருத்துவரிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதைத் தூரக் கணக்கோடு சொல்லுங்கள். எம்ஆர்ஐ தேவையா என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.

எலும்புக்குச் சாப்பாடும் வேண்டும். நம் சமையலிலேயே இருக்கிறது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். களியோ கூழோ தினமும் ஒரு வேளை, கொள்ளுப் பருப்பு, தயிர், முட்டை. நீள ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு வாழைப்பழம், ஓடி முடித்ததும் இளநீரும் அரிசிம்பருப்புச் சோறும்.

ஓட்ட நாள்

கோவையில் 2013 முதல் நடக்கும் கோயம்புத்தூர் மாரத்தான் மாதிரி நகரத்து ஓட்டம் முதல் முறைக்கு நல்லது, பெரும்பாலும் தார் ரோடு. முந்தின வாரம் பாதையை ஒரு தடவை வண்டியில் சுற்றிப் பாருங்கள். ரோட்டு வேலை நடக்கும் இடம், ஜல்லி கொட்டிய இடம் எல்லாம் தெரிந்துவிடும். நேரம் பதியும் சிப் பெரும்பாலும் எண் அட்டையிலேயே இருக்கும். ஷூவில் கட்டும் வகை என்றால் கணுக்காலில் கட்டப் பட்டை எடுத்துப் போங்கள்.

தொடங்கும் இடத்தில் ஓரமாக, பின்னால் நில்லுங்கள். முதல் ஒரு கிலோமீட்டரில் மற்றவர்களின் ஷூதான் உங்கள் விரலுக்கு ஆபத்து. தண்ணீர் தரும் இடங்களில் தரை நனைந்து, நசுங்கிய கப்புகளாகக் கிடக்கும். அங்கே நடங்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஆசையாக இருக்கும், அது வழிந்து பாதத்துக்குத்தான் போகும், பதினைந்தாவது கிலோமீட்டரில் கொப்புளமாகும். துணியை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இடுப்புப் பையில் மெல்லிய செருப்போ ஷூவோ கட்டாயம் இருக்க வேண்டும். என் முதல் 21 கிலோமீட்டரில் பதினாறாவதில் அதைப் போட்டுக்கொண்டேன். பாதம் எரிந்தது, அடி கனமாகிக் கேட்கத் தொடங்கியது. சத்தம் கேட்டால் வடிவம் கலைந்துவிட்டது என்று அர்த்தம், கலைந்த வடிவத்தில் வெறுங்காலோடு ஐந்து கிலோமீட்டர் ஓடுவது எலும்பை அடகு வைப்பது போல. அடுத்த வருடம் முழுதும் வெறுங்காலில் முடித்தேன்.

முடிந்த பிறகு ஒரு வாரம் நடை மட்டும், இரண்டாம் வாரம் மூன்று கிலோமீட்டரில் தொடங்குங்கள். 42 கிலோமீட்டர் ஆசை இருந்தால் இன்னொரு முழு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். நீள ஓட்டத்தை 18-இலிருந்து 30-க்குக் கொண்டுபோகும்போது, 21-க்கு மேலான தூரத்தை முதல் ஆறு மாதம் மெல்லிய ஷூவில் முடியுங்கள்.